பட்டாம்பூச்சி பாத்ரூம் போவது எப்படி?

போன இதழில் ஒரு வாசகி, "பள்ளியில் மாறுவேட நாள் என்று அறிவிப்பு வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது டீச்சர், எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று கேட்டிருந்தார். "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்துக்குத் தண்டனையாக, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே புலம்பல். சரி, இந்த இதழ் முழுக்க வேடம்தான்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வாக்குமூலம். 31 வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு டீச்சராக இருந்தவள் நான். "நாளை குழந்தைகள் வேடமிட்டு வரவும்" என்று டைரியில் எழுதி அனுப்பியது இந்தக் கைதான். வேறொரு பள்ளியில் படித்த என் மகளுக்காக இரவு 11 மணிக்கு உட்கார்ந்து அட்டை வெட்டியதும் இதே கைதான். இரண்டு பக்கத்துப் பாவமும் என் கணக்கில் இருக்கிறது.

கே: இரவு எட்டே முக்காலுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது: "நாளை மஞ்சள் நாள். குழந்தைகள் மஞ்சள் உடையில் வரவும்." நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து 10 நிமிடம்கூட ஆகவில்லை. பையனிடம் மஞ்சள் சட்டையே கிடையாது. மற்ற அம்மாக்கள் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. என் மேல்தான் தப்பா?
— ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா

ப: உங்கள் மேல் தப்பில்லை. அந்தக் கட்டைவிரல்களையும் நம்பாதீர்கள். அதில் பாதிப் பேர் ஒரு கையால் 'சரி' போட்டுக்கொண்டே இன்னொரு கையால் பீரோவைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

அந்தச் செய்தி எப்படிப் பிறக்கிறது என்று உள்ளே இருந்தவள் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில், வருட ஆரம்பத்திலேயே ஆசிரியர் கூட்டத்தில் ஓர் அட்டவணை போடுவோம். எந்த மாதம் என்ன நிறம், எந்த நாள் என்ன வேடம், எல்லாம் அதில் இருக்கும். ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டுவோம். ஒட்டியதோடு சரி, அப்புறம் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். முதல் நாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது யாராவது ஒருவர், "ஐயோ, நாளைக்கு மஞ்சள் இல்ல?" என்பார். அவ்வளவுதான், செய்தி பறக்கும். உங்கள் ராத்திரியைக் கெடுத்தது பெரிய கல்விக் கொள்கை ஒன்றும் இல்லை, வெறும் மறதி. அதனால் வருடத்தின் முதல் பெற்றோர் கூட்டத்தில், "இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் விறைத்துக்கொள்வோம். "அந்த அட்டவணையை ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கும் அனுப்பிடுங்களேன்" என்று கேளுங்கள். இதற்கு மாட்டேன் என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

சரி, இன்றைய ராத்திரிக்கு வழி? மஞ்சள் நாள் என்றால் மஞ்சள் சட்டைதான் என்று யார் சொன்னது? பையன் கையில் ஒரு தாளையும் மஞ்சள் க்ரேயானையும் கொடுங்கள். சூரியனோ, சிங்கத்தின் பிடரியோ, அவனுக்குத் தோன்றியதை வரையட்டும். வெட்டி, சட்டைப் பையில் ஊக்கால் குத்தி அனுப்பிவிடுங்கள். என் வகுப்பில் ஒருவன் சீருடையில் வந்து, காதில் மட்டும் ஒரு மஞ்சள் பென்சிலைச் செருகியிருந்தான். "நீ மஞ்சள்ல வரலையா?" என்றேன். "வந்திருக்கேனே டீச்சர், நான் கொஞ்சம் மஞ்சள்" என்றான். சாயங்காலம் வரை அந்தப் பென்சில் காதைவிட்டு இறங்கவில்லை. அந்த வருடம் மஞ்சளில் வந்த 40 பேரில் எனக்கு நினைவிருப்பது அவன் ஒருவனைத்தான்.

இடையில் ஒரு சந்தேகம். ஒரு நிறத்தைக் குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது? பக்கத்தில் இன்னொரு நிறம் இருக்கும்போதுதான். வகுப்பு முழுக்க மஞ்சளாக இருந்தால் மஞ்சள் என்று எதைக் காட்டுவது? அதோடு, ஆறு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் எது என்று எங்களைவிட நன்றாகவே தெரியும்.

கே: போன வாரம் தேதியை மறந்துவிட்டேன். எல்லாக் குழந்தைகளும் வேடத்தில் வந்திருக்க, என் மகள் மட்டும் சீருடையில் போய் நின்றாள். அவள் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.
— தேதியை மறந்த அம்மா

ப: நான் தேதியை மறக்கவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே நினைவு வைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசம்.

என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. வியாழக்கிழமை மாறுவேடம் என்று டைரியில் இருந்தது. அடுத்த வியாழன் என்பதை நான் கவனிக்கவில்லை. இரண்டு கம்பி ஹேங்கர்களை வளைத்து இறக்கை செய்தேன். மேலே பழைய கொசுவலைத் துணி. அதில் நீலப் பொட்டுகளைப் பெயிண்டால் வைத்தது அவள்தான், ஒன்றும் வட்டமாக இல்லை, எல்லாம் ஒரு பக்கம் வழிந்திருந்தது. காலையில் அவசர அவசரமாக இறக்கைகளை முதுகில் பொருத்தி, நழுவக் கூடாதே என்று பின்பக்கம் நான்கு ஊக்கு குத்தி, பள்ளி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு என் பள்ளிக்கு ஓடினேன். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வரிசை வரிசையாகச் சீருடைப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்ததை அப்போது பார்த்திருந்தால் புரிந்திருக்கும்.

சாயங்காலம் அழைத்துவரப் போனபோது அவள் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். கிண்டல் செய்திருப்பார்கள், அழுதிருப்பாள் என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் சொன்னது வேறு. "எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்கம்மா. நல்லாதான் இருந்துச்சு. பாத்ரூம்தான் போக முடியல. கதவுக்குள்ள இறக்கை நுழையல. ஊக்கை யாருக்கும் கழட்டத் தெரியல."

காலை எட்டரையில் இருந்து சாயங்காலம் வரை அந்தக் குழந்தை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நானும் ஒரு டீச்சர். எத்தனை மரங்களையும் ரோபோக்களையும் தபால் பெட்டிகளையும் என் வகுப்பில் நாள் முழுக்க நிற்க வைத்திருப்பேன்! மரமாக வந்த பையன் ஒருவனை நினைத்துக்கொண்டேன். கழுத்தில் இருந்து முழங்கால் வரை அட்டையைச் சுற்றி விட்டிருந்தார்கள், அவனால் உட்காரவே முடியவில்லை. நான் அவனைச் சுவரில் சாய்த்து நிற்க வைத்துவிட்டு, "எவ்வளவு அழகான மரம்!" என்று கைதட்டச் சொன்னேன். அதற்கப்புறம்தான் என் வகுப்பில் ஒரு விதி வந்தது. வேடம் எதுவாகவும் இருக்கலாம். போட்டிருக்கும் பிள்ளை அதைத் தானாகவே கழற்றி, பாத்ரூம் போய்விட்டு, தானாகவே மாட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிவிடுவேன். இந்த ஒரு விதி வந்ததுமே அட்டைக்கோட்டைகள் பாதி காணாமல் போய்விட்டன.

உங்கள் மகள் சீருடையில் போனாள், நிம்மதியாகப் பாத்ரூம் போயிருப்பாள். தூங்குங்கள்.

கே: என் மகளுக்காக மூன்று இரவுகள் கண் விழித்து ரோபோ செய்தேன். கண்ணில் விளக்கு எரியும், மார்பில் பொத்தான் அழுத்தினால் சத்தம் வரும். கடையில் வாங்கிய தேவதை உடைக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். நியாயமா?
— ரோபோவின் அப்பா

ப: முதல் பரிசு உங்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் போட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றல்லவா சொன்னார்கள்?

நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் மதிப்பெண் போட்டது பெற்றோர்களுக்குத்தான். யார் வீட்டில் நேரம் இருக்கிறது, யாருக்குத் தைக்க வரும், யாரிடம் க்ளூ கன் இருக்கிறது என்பதற்கெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுக் கோப்பை கொடுத்தோம். ஒரு வருடம் தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பரிசை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையையும் முன்னால் அழைத்து, "இதுல நீ செஞ்சது எது?" என்று மட்டும் கேட்டேன். பிரமாதமான சிங்கம் ஒன்று வெகுநேரம் யோசித்துவிட்டு, வாலின் நுனியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு நூலைக் காட்டியது. உங்கள் மகளிடமும் கேட்டுப் பாருங்கள். பொத்தானை அழுத்தியது மட்டும்தான் என்றால், அடுத்த முறை நீங்கள் 10 மணிக்கே படுத்துவிடலாம்.

கே: அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்துவிடலாமா? சும்மா விளையாட்டாகத்தான் கேட்கிறேன்.
— பெயர் வேண்டாம்

ப: விளையாட்டாகக் கேட்கவில்லை என்று தெரிகிறது. உங்களுக்கு முன்னாலும் நிறையப் பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைத்தது நான்தான்.

இதை நான் கண்டுபிடிக்க வெட்கப்படும் அளவுக்கு நாளானது. ஒரு வருடக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்கு வருடத்தில் ஆறே ஆறு நாள்தான் லீவ். ஆறு தேதியையும் பார்த்தால், நிற நாள், வேட நாள், மறுபடியும் நிற நாள். வேறு எந்த நாளும் அவள் வராமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் மறுநாள், "நேற்று வயிற்றுவலி" என்று அழகான கையெழுத்தில் ஒரு கடிதம். பழைய பதிவேடுகளையும் எடுத்துப் புரட்டினேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் அப்படி இருந்தன. குழந்தைகள் குதூகலமாக இருந்த நாள் என்று நான் நினைத்து வைத்திருந்த நாட்களில், வீட்டில் ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

உடைக்குச் செலவு செய்ய முடியாது என்று டைரியில் எழுத எந்த அம்மாவுக்கும் கை வராது. வயிற்றுவலி என்று எழுத வரும். அடுத்த வருடம் என் வகுப்பு அலமாரியில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தேன். பழைய தொப்பி, பெட்ஷீட், கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி ஃபிரேம், ரிப்பன், கிழிந்த குடைத்துணி, இந்த மாதிரி. உடை இல்லாதவர்களுக்கு என்று அதைச் சொல்லவில்லை. காலையில் முதல் அரை மணி நேரம் எல்லாருமே அந்தப் பெட்டியில் இருந்து ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும், கடையில் வாங்கிய இளவரசி உடையில் வந்தவள் உட்பட. இளவரசிகள் குடைத்துணிக்கு அடித்துக்கொண்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருமுறைக்கு லீவ் எடுத்தால் குடி முழுகிவிடாது. ஆனால் அடுத்த முறையும் தோன்றினால், காரணம் எதுவாக இருந்தாலும் வகுப்பு டீச்சரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதிவேட்டைப் பார்த்து அவராகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வருடம் முடிந்துவிடும்.

கே: என் மகனுக்கு வேடம் என்றாலே ஆகாது. சட்டையின் லேபிள் கழுத்தில் உரசினாலே கத்துவான். ஜிகினா, முகச்சாயம், முகமூடி எதையும் கிட்டே கொண்டுபோக முடியாது. "எல்லாரும் போடுறாங்க, உனக்கென்ன?" என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுகிறார்கள். கட்டாயப்படுத்தினால் பழகிவிடுமா?
— இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா

ப: பழகாது. அடுத்த முறை முந்தைய நாள் ராத்திரியே அழ ஆரம்பிப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

தையல் விளிம்பு, லேபிள், எலாஸ்டிக், முரட்டு நைலான் எல்லாம் சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே தாங்க முடியாத தொந்தரவு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது நிறைய உண்டு, ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிலும் உண்டு. உடை மட்டும் இல்லை, அன்றைக்குப் பள்ளியே வேறு மாதிரி இருக்கும். மணி அடிக்கும் நேரம் மாறும், ஒலிபெருக்கி அலறும், பக்கத்தில் உட்காரும் நண்பனின் முகம் தெரியாது. வழக்கம் மாறாமல் இருந்தால்தான் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு இத்தனையும் ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? ஒருமுறை நானே கரடி வேடம் போட்டு வகுப்புக்குள் போனேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று பேர் மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள். ஒருத்தி, "எங்க டீச்சர் எங்க?" என்று என்னிடமே கேட்டு அழுதாள். தலையைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் விஷயம் இன்னும் மோசமானது. அதை விடுங்கள்.

அன்றைக்கு அவனைப் பழகிய சட்டையிலேயே அனுப்புங்கள். கையில் பிடிக்க ஒரு பொருள் போதும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் துப்பறிவாளர், ஒரு பழைய சாவி இருந்தால் கோட்டைக் காவல்காரர். வேண்டாம் என்று தோன்றினால் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடியும், சத்தம் தாங்காவிட்டால் எந்த அறைக்குப் போகலாம் என்பதை முதல் நாளே டீச்சரிடம் கேட்டு அவனிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கழுத்தில் உரசுகிற லேபிளை ஒரு நாள் முழுக்க நீங்கள் போட்டுப் பாருங்கள்.

கே: உலகப் புத்தக நாளுக்குக் கதாபாத்திர வேடம் போட்டு வரச் சொன்னார்கள். படிப்பதற்கும் வேடத்துக்கும் என்ன சம்பந்தம்?
— நூலகத்துக்குப் போகும் அப்பா

ப: நல்ல கேள்வி. ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக, பதிப்புரிமை நாளாக யுனெஸ்கோ 1995-இல் அறிவித்தது. ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ் இருவரின் மறைவோடும் சேர்த்துச் சொல்லப்படுகிற தேதி அது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதையே மார்ச் மாதத்து முதல் வியாழக்கிழமையில் கொண்டாடுகிறார்கள், ஏப்ரலில் அங்கே பள்ளி விடுமுறை குறுக்கிடும் என்பதால். அங்கே அந்த நாளின் மையம் ஒரு டோக்கன். ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுப்பார்கள், கடையில் கொடுத்து ஒரு சின்னப் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். வேடம் பள்ளிகள் சேர்த்துக்கொண்டது. அந்த நாளை நடத்துகிற அமைப்பே, வேடம் கட்டாயமில்லை என்றுதான் சொல்கிறது. டோக்கன் பின்னால் போய்விட்டது, வேடம் முன்னால் வந்துவிட்டது. அதிலும் பாதிப் பிள்ளைகள் வருவது சினிமா நாயகர்களாக. கடையில் தொங்குவது அந்த உடைதானே, அவர்களை என்ன சொல்ல?

நான் கடைசி மூன்று வருடம் வேறு மாதிரி செய்தேன். உங்களுக்குப் பிடித்த கதையில் இருந்து ஒரே ஒரு பொருளைச் சட்டைப் பையில் போட்டு வாருங்கள், மற்றவர்கள் அது எந்தக் கதை என்று கண்டுபிடிக்கட்டும் என்றேன். ஒருத்தி காலிப் பையோடு வந்தாள். "பேய்க் கதை டீச்சர். பேய் உள்ளதான் இருக்கு" என்றாள். அரை மணி நேரம் அந்தக் கதையைச் சொல்ல வைத்தோம். அடுத்த வாரம் அந்தப் புத்தகத்துக்கு வகுப்பில் வரிசை நின்றது. இன்னொரு வழி, ஒரு வார்த்தையாக வருவது. 'சுருக்கம்' என்ற வார்த்தையாக வர இஸ்திரி போடாத சட்டை போதும்.

கே: எல்லாரும் மாறுவேட நாளைத் திட்டுகிறீர்கள். வகுப்பில் வாயே திறக்காத என் மகன், சிங்க வேடத்தில் மேடையேறி நான்கு வரி கர்ஜித்துப் பேசினான். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள் டீச்சர்?
— சிங்கத்தின் அம்மா

ப: ஒன்றும் சொல்வதற்கில்லை, நீங்கள் சொல்வது சரி. வேடம் போடும் விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ராஜா ஆகிறவர்கள்.

2017-இல் 'பேட்மேன் விளைவு' என்ற பெயரில் ஓர் ஆய்வு வந்தது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அலுப்பூட்டுகிற ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட்டுக்கு ஆசையும் காட்டிப் பார்த்தார்கள். தங்களைப் பேட்மேன் மாதிரி ஒரு நாயகனாக நினைத்துக்கொண்ட பிள்ளைகள், தாங்களாகவே இருந்த பிள்ளைகளைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். வேறொருவராக மாறும்போது பிள்ளைக்கு ஒரு தெம்பு வருகிறது. உங்கள் மகனுக்கு வந்தது அதுதான். ஒன்று மட்டும் சொல்லுங்கள், அந்தச் சிங்கத்தை யார் தேர்ந்தெடுத்தது? அவன்தான் என்றால், நாலு பேர் திட்டுவதைக் கேட்டு நீங்கள் சங்கடப்பட வேண்டியதே இல்லை.

கே: கடையில் கிடைக்கும் வேட உடைகள் பாதுகாப்பானவையா?
— ஒரு தாத்தா

ப: பார்த்து வாங்க வேண்டும் ஐயா. அந்த மினுமினுப்பு பெரும்பாலும் பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக். 2019-இல் பிரிட்டனில் ஹப்பப் என்ற தொண்டு அமைப்பு, கடைகளில் இருந்த ஹாலோவீன் (அங்கே பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் விழா) உடைகளைப் பார்த்தபோது, அவற்றின் துணியில் 83 சதவீதம் பெட்ரோலியத்தில் இருந்து வரும் பிளாஸ்டிக்காக இருந்தது. நெருப்புப் பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இந்த உடைகள் சட்ட ரீதியாக உடை இல்லை, பொம்மை. பொம்மைக்கான இஎன் 71 தரவிதிதான் இதற்கும். பிரிட்டனில் குழந்தைகளின் இரவு உடைக்கான தீ விதிகள் இதைவிடக் கடுமையாக இருந்ததால், ஏன் இந்த வித்தியாசம் என்று அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. ஆகவே மேடையில் மெழுகுவர்த்தி, தீபம் என்று எது இருந்தாலும் பேத்தியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கழுத்தில் கட்டும் நாடா வேண்டவே வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் உடையில் கழுத்து, தலைப்பகுதியில் இழுக்கும் நாடா கூடாது என்று ஐரோப்பியத் தரவிதியே இருக்கிறது. மேலங்கிக்கு வெல்க்ரோ வைத்துவிடுங்கள், எதிலாவது மாட்டினால் தானாகப் பிரிந்துவிடும். முகச்சாயத்தை முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கைவேலை ஜிகினா முகத்துக்கு ஆகாது, கண்ணுக்குள் போனால் கீறும். அப்புறம் அந்த பாத்ரூம் விதி, மறந்துவிடாதீர்கள்.

கே: நானும் ஆசிரியைதான். எங்களுக்கும் இந்த நாட்கள் பிடிப்பதில்லை. பாடம் பாதியில் நிற்கிறது, 40 பிள்ளைகளுக்கும் ஊக்குக் குத்தி, ஒட்டுமீசை ஒட்டியே காலைப் பொழுது போய்விடுகிறது. ஆனால் நிர்வாகத்துக்குப் புகைப்படம் வேண்டும். நாங்கள் என்ன செய்ய?
— பெயர் போட்டால் வேலை போய்விடும்

ப: வாருங்கள், நீங்கள் நம்மாள். இரவில் வரும் செய்தியைப் பார்த்துப் பெற்றோர் பல்லைக் கடிக்கிறார்கள், அதை அனுப்பியவரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினார் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

புகைப்படம்தானே வேண்டும், அதற்குக் காலுறை போதும். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 2012-இல் இருந்து ஐ.நா. அனுசரிக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு, செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழையான குரோமோசோம்களில் 21-ஆவது, வழக்கம்போல் இரண்டாக இல்லாமல் மூன்றாக இருப்பதால் மூன்றாம் மாதம் 21. குரோமோசோம் பார்க்கக் காலுறை மாதிரி இருப்பதால், அன்றைக்கு ஜோடி சேராத காலுறைகளைப் போட்டுக்கொள்கிறார்கள். எந்த வீட்டில் ஜோடி சேராத காலுறைக்குப் பஞ்சம்? ஒரு கேள்வி பிறக்கும், ஒரு பாடம் நடக்கும், 80 கால்களை வட்டமாக நீட்டி வைத்து ஒரு படம் எடுத்தால் நிர்வாகமும் குளிர்ந்துவிடும்.

வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சுற்றறிக்கையையாவது நீங்கள் எழுதுங்கள். நான் கடைசியில் எழுதி வைத்துக்கொண்டது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"சீருடையில் வந்தாலும் சரிதான். வர விரும்புகிறவர்கள், இன்றில் இருந்து இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை, தங்களுக்குப் பிடித்த ஒரு விலங்காக வரலாம். எதையும் புதிதாக வாங்க வேண்டாம். குழந்தை தன் கையால் செய்த ஒரு காதோ வாலோ போதும். தானாகக் கழற்றி மாட்டத் தெரிய வேண்டும். பரிசு கிடையாது. வகுப்பில் ஒரு பெட்டி இருக்கிறது, மறந்து வந்தால் அதில் இருந்து எடுத்துக்கொள்ளலாம்."

முதல் வரியை முதல் வரியாகவே வையுங்கள். அடியில் சின்ன எழுத்தில் போட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள், வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'ஒன்றாம் வகுப்பு அம்மாக்கள்' என்று இருந்தால் 'பெற்றோர்' என்று மாற்றுங்கள். மேலே கடிதம் எழுதிய ரோபோவின் அப்பாவுக்கு மூன்று இரவு கண் விழிக்கத் தெரிகிறது, இரவு எட்டே முக்காலுக்கு வரும் செய்தியைப் படிக்கவும் தெரியும்.

கே: பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பரணில் ஒரு பெட்டி நிறைய வேட உடைகள். தூக்கிப் போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— இடமில்லாத வீட்டுக்காரி

ப: துவைத்து, ஊக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். முழு உடைகளைவிடத் தொப்பி, இறக்கை, வால், மேலங்கி என்று தனித்தனியாகக் கொடுத்தால் அதிகம் பயன்படும். கிழிந்ததையும் கொடுங்கள், கடற்கொள்ளைக்காரருக்குக் கிழிந்ததுதான் வேண்டும். எலாஸ்டிக் போயிருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

என் மகளின் பட்டாம்பூச்சியை நான் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் அதைப் போடவே மாட்டேன் என்றுவிட்டாள், சீருடையில்தான் போனாள். கொசுவலைத் துணியைப் பிரித்து எடுத்துவிட்டு, ஹேங்கர்களை மறுபடி நிமிர்த்திப் பார்த்தேன். ஒன்று உடைந்துபோனது. இன்னொன்று இப்போதும் பீரோவில் கோணலாகத் தொங்குகிறது. எதை மாட்டினாலும் இடது பக்கமாக வழுக்கி விழுந்துவிடும்.